மேக்ரமே (நூல் முடிச்சுப் பின்னல்) தெரியும், பாலிமர் கிளேயையும் நூலையும் சேர்த்துச் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

ஈரோட்டில் இருப்பதாகவும், நூலில் கிளே ஒட்டவே மாட்டேன் என்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒட்டாதுதான். பாலிமர் கிளே மண்ணே இல்லை, பி.வி.சி. பிசினை எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியோடு பிசைந்தது. நூலைப் பிடித்து நிறுத்துவது ஓட்டைதான். வேகாத கிளேயில் ஓட்டை போட்டு, ஓவனில் (மின் அடுப்பில்) வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகு நூலைக் கோத்துவிடுங்கள்.

முதல் வேலைக்கு ஒரு கிளே வளையம் செய்து, அதற்குள் நூலால் நெய்தால் போதும். வெளிவிட்டம் 10 செ.மீ., பட்டையின் அகலம் 1.5 செ.மீ., கனம் 6 மி.மீ. கனம் குறைந்தால் பாவு நூலை (நெசவுக்கு முதலில் இழுத்துக் கட்டும் நூலை) கட்டும்போதே விரிசல் விடும். பட்டையின் நடுவில் 3 மி.மீ. பின்னல் ஊசியால் 17 ஓட்டைகள் குத்துங்கள். அடிப்பக்கம் பிசிறு தள்ளும். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமிருந்தும் ஒருமுறை குத்தி விரலால் தடவி விடுங்கள். அந்தப் பிசிறு வெந்து இறுகினால் நூலை அறுத்துவிடும்.

ஏன் 17? நடுவில் சின்ன நூல் வளையம் கட்டி, அதிலிருந்து ஓட்டைக்கு ஓர் இழையாகப் பாவு இழுத்து, ஊடையை (பாவுக்குக் குறுக்கே போகும் நூலை) நடுவிலிருந்து மேல், கீழ் என்று சுற்றிக்கொண்டு வருவோம். பாவு ஒற்றைப்படையாக இருந்தால், முதல் சுற்றில் மேலே போன இடத்தில் அடுத்த சுற்று தானாகக் கீழே போகும். 16 வைத்தால் எல்லாச் சுற்றும் ஒரே இழைமேல் ஏறி, நெசவு பிடிக்காமல் சரியும்.

பாவுக்கு இழுபடாத முறுக்குப் பருத்தி நூல்தான் வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் போகிற பருமனான நூல் அருமையாக நிற்கும். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டை ஊடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: துணியின் அகலவாக்கில் 2.5 செ.மீ. பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அதையே பாவாக்கினால் நாளடைவில் தொய்யும். பொள்ளாச்சித் தென்னைநார்க் கயிறும் ஊடைக்கு நல்லதே.

வேகவைப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உறையில் போட்டிருக்கும் சூட்டை (பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ்) அப்படியே பின்பற்றுங்கள். இந்தக் கனத்துக்கு 30 நிமிடம். ஓவன் திருகு காட்டும் சூட்டை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். கூடவே 2 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு வேகவைத்து, ஆறியதும் வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் வேக்காடு போதவில்லை, வளையத்தை மறுபடி உள்ளே வைக்கலாம். சூடு மிஞ்சிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். உடனே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மைக்ரோவேவ் கூடாது. கூடை பின்னும் பிளாஸ்டிக் ஒயரை ஒருபோதும் ஓவனுக்குள் விடாதீர்கள், உருக்குலைந்துவிடும்.

நம் ஊர் சித்திரை வெயிலில் கிளே பிசுபிசுவென்று கையோடு வரும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே சில மணி நேரம் வைத்தால் மிஞ்சிய மென்மையாக்கியைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சக் கிளேயை வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பைக் பெட்டியிலோ காரிலோ கிடந்தால் அங்கேயே பாதி வெந்து, பிசையவே வராது.