கலங்கல் தண்ணியைத் தொட்டியில ஓடவிட்டவர்

கேள்வி: சார், நான் ஜியாலஜி ரெண்டாம் வருஷம். படிவுப்பாறை பாடத்துல கியூனன்னு ஒருத்தர் பேர் வந்துட்டே இருக்கு, ஆனா ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க. அவர் அப்படி என்னதான் பண்ணாரு?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஒரு வரியில தாண்டிப் போற ஆளே இல்லம்மா அவர். ஃபிலிப் ஹென்றி கியூனன் டச்சுக்காரர், ஆனா 1902-ல பொறந்தது ஸ்காட்லாந்துல டண்டீ ஊர்ல, அப்பா அங்க பிசிக்ஸ் ப்ரொஃபசர். லைடன்ல படிச்சிட்டு 1929-30-ல ஸ்நெல்லியஸ்ங்கற கப்பல்ல இந்தோனேஷியா பக்கத்து ஆழ்கடலை ஆராயப் போனார், அதுக்கப்புறம் க்ரோனிங்கன் யுனிவர்சிட்டிதான் அவருக்கு எல்லாம்.

அப்ப பெரிய குழப்பம் ஒண்ணு இருந்துச்சு. இத்தாலியில அபெனைன் மலைக்குப் போனா மணற்கல், களிப்பாறை, மறுபடி மணற்கல், மறுபடி களிப்பாறைன்னு அடுக்கடுக்கா போயிட்டே இருக்கும். மணல்னா கரையோரம், நைஸ் சேறுன்னா ஆழம்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க, அப்படிப் பாத்தா கடல் தரை ஒவ்வொரு அடுக்குக்கும் மேல வந்து கீழ போயிருக்கணும், அது நடக்கற காரியமா சொல்லுங்க?

1936-ல டேலின்னு அமெரிக்க ஜியாலஜிஸ்ட் ஒருத்தர், சேறு கலந்த தண்ணி கனமா இருக்கும், அது கடலுக்கடியில சரிவுல ஓடித்தான் பள்ளத்தாக்கு அறுத்திருக்கும்னு ஒரு யோசனை சொன்னார். கியூனன் அதைப் படிச்சிட்டு சும்மா இருக்கல, தொட்டி கட்டி, தரையைச் சரிவா வச்சு, சேத்துத் தண்ணியை ஊத்திப் பாத்துட்டார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இந்தக் குணம்தான். தெளிஞ்ச தண்ணியோட கலந்து காணாம போயிடும்னுதானே நாம நினைப்போம்? போகல. கலங்கல் அடியோட அடியா, முன்னால தலை மட்டும் பருத்துக்கிட்டு, பாம்பு மாதிரி சரிவுல இறங்கி ஓடுது. வேகம் குறையக் குறைய பருமணல் முதல்ல விழுது, அது மேல பொடிமணல், கடைசியா சேறு. ஒரு பாட்டில்ல ஆத்து மணலும் வண்டலும் போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு லென்ஸ் வச்சுப் பாருங்க, அதே வரிசை தெரியும்.

அபெனைன் மலையை நல்லா தெரிஞ்ச இத்தாலி ஜியாலஜிஸ்ட் மிக்லியோரினியோட சேர்ந்து 1950-ல இதைக் கட்டுரையா போட்டார். கடல் தரை ஏறவும் வேணாம் இறங்கவும் வேணாம், கரைப் பக்கத்து மணலே கலங்கலா ஆழத்துக்கு வந்திருக்குன்னு ஆகிப்போச்சு.

கேள்வி: தொட்டியில ஓடுச்சு சரி, நிஜக் கடல்ல ஓடுச்சுங்கறதுக்கு என்ன சாட்சி?
– வாசகர், மதுரை

பதில்: தந்திக் கம்பிதான் சாட்சி! 1929 நவம்பர் 18, கனடாவுக்குக் கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ் பக்கம் கடலுக்கடியில பூகம்பம். பக்கத்துல கடல் தரையில கிடந்த தந்தி கேபிள் அப்பவே அறுந்துச்சு, ஆனா சரிவுல கீழ இருந்ததெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா அறுந்துட்டே போச்சு, கடைசி கேபிள் அறுந்து போக 13 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தந்தி நின்ன நேரம் நிமிஷக் கணக்குல பதிவா இருந்ததால, 1952-ல ஹீசன், யூவிங்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அதையே வச்சு இது கலங்கல் ஓட்டம்தான்னு காட்டிட்டாங்க. நில அதிர்ச்சியே அறுத்திருந்தா இவ்வளவு நேரம் கழிச்சு அறுமா?

கேள்வி: மணல் உருண்டையாகறது ஆத்துல உருண்டு உருண்டுதானே?
– வாசகர், கரூர்

பதில்: அதையும் கியூனன் சோதிச்சுட்டார். மணல் சைஸ் துகளை ஆத்துத் தண்ணி ரொம்பக் கொஞ்சமாதான் தேய்க்குது, அதே தூரத்துக்குக் காத்து 100-லேர்ந்து 1000 மடங்கு தேய்க்குதுன்னு அவர் கணக்கு.

கேள்வி: அவருக்கப்புறம் இந்த விஷயம் என்ன ஆச்சு?
– வாசகி, சென்னை

பதில்: இப்படி விழுந்த படிவுக்கு டர்பிடைட்னு 1957-ல அவர் வச்ச பேரை இன்னைக்கும் உலகம் பூரா சொல்றாங்க. 1962-ல பௌமான்னு ஒரு ஜியாலஜிஸ்ட் ஃப்ரான்ஸ்ல ஆன்னோ பக்கத்து மலையில ஒவ்வொரு படிவுலயும் அஞ்சு அடுக்கு வரிசையைப் பிரிச்சுக் காட்டினார், அதுவும் இந்த வழியில வந்ததுதான். பிரேசில் கடல்ல காம்போஸ் படுகையில நிறைய எண்ணெய் எடுக்கறதும் டர்பிடைட் மணல்லேர்ந்துதான். நம்ம பக்கத்துல பாத்தா, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுற வண்டல் வங்காள விரிகுடா தரையில சுமார் 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கு, இமயமலையில தேஞ்ச மண்ணு கலங்கலா ஓடி இலங்கைக்குக் கிழக்கால அதையும் தாண்டித் தெக்க வரைக்கும் போயிருக்கு.