பழைய வீட்டின் வயரிங்: எம்சிபி மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: 40 வருடப் பழைய வீடு. கீசர் போட்டால் ஸ்விட்ச் போர்டு சூடாகிறது. ஃபியூஸ் கேரியரை எடுத்துவிட்டு எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே ட்ரிப் ஆகி, அதாவது அணைந்துவிடும் ஸ்விட்ச்) போட்டால் சரியாகிவிடுமா, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டுமா?

எம்சிபி மட்டும் போதாது. போர்டு சூடாவது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பால்தான். அரை ஓம் தடை உள்ள ஜாயின்டில் 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் வரும். ஆனால் எம்சிபி பார்ப்பது அதே 10 ஆம்பியரைத்தான், அதனால் ட்ரிப் ஆகாது.

அலுமினிய வயராக இருந்தால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்குவதால் திருகும் மெல்ல மெல்லத் தளரும். அலுமினிய வயரோடு செம்பு வயரை நேரடியாக முறுக்கி டேப் சுற்றுவது மிக மோசமான வேலை. தற்காலிகமாக இணைத்தே ஆக வேண்டுமென்றால் இரு உலோகங்களுக்கும் ஏற்ற கனெக்டர் மட்டும்தான்.

முதலில் எலக்ட்ரீஷியனிடம் மெகர் டெஸ்ட் (வயர் உறையின் மின்காப்பை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, எல்லாச் சாதனங்களையும் பிடுங்கிய பிறகு 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். மின்னணு டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அவற்றையும் கழற்றாவிட்டால் வீணாகிவிடும். 1 மெகாஓமுக்குக் கீழே வரும் சர்க்யூட்டை மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் உறை போட்ட வயர் என்றால் அளவு எப்படி வந்தாலும் மாற்றுவதே நல்லது. காய்ந்துபோன ரப்பர், ஸ்விட்சைக் கழற்றி வயரை வளைக்கும்போதே உதிர்ந்துவிடும்.

அடுத்து எர்த். மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான். எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தால் அதை உடனே எடுக்க வேண்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடல் முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும். அப்போதும் எல்லாச் சாதனங்களும் வெறுமனே நின்றுபோனது போலத்தான் தெரியும்.

ஒரே மூச்சில் மாற்ற வசதியில்லை என்றால் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), கீசர், ஏசி, சமையலறை, பிறகு மற்ற அறைகள் என்ற வரிசையில் போகலாம். லைட் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு, 10 ஆம்பியர் எம்சிபி. பவர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர். கீசர், ஏசி ஒவ்வொன்றுக்கும் தனியாக 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய எம்சிபி போடுவது பழைய ஃபியூஸில் தடித்த கம்பி கட்டியதற்குச் சமம்.

பழைய பைப்பில் வயர் சிக்கினால் முறுக்கி இழுக்க வேண்டாம், புது உறை கிழியும். சுவரின் மேல் பிவிசி கேசிங் ஓட்டுவது அழகில்லை என்பார்கள். சுவரை உடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆர்சிசிபி போட்ட அன்றே அது ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும், பழைய வீடுகளில் இது சகஜம். ஆர்சிசிபியைக் குறை சொல்லி நேராக இணைக்க விடாதீர்கள். ஆர்சிசிபி வழியாக வரும் ஒரு சர்க்யூட்டின் பேஸும், அதன் வழியாக வராத இன்னொன்றின் நியூட்ரலும் கலந்திருக்கும், அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் கோளாறு எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். எல்லாம் இறங்கியிருந்தும் ட்ரிப் ஆனால் ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும், அவை எல்லாம் சேரும் உலோகப் பட்டையிலிருந்து கழற்றித்தான் தேட வேண்டும்.