வானிலிருந்து விழுந்த குண்டு: வடசென்னை வாசகர்களுக்குப் பதில்கள்

ராயபுரம்: அண்ணே, எம்டன் விமானத்திலிருந்து குண்டு போட்டது என்று எங்க ஆயா சொல்லும். உண்மையா?

இல்லை தம்பி. எம்டன் ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு கடலில் நின்று பீரங்கியால் சுட்டது. துறைமுகம் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஜப்பானிய விமானம் இங்கே குண்டு போட்டது 1943 அக்டோபரில். ஆயா இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

காசிமேடு: விமானத்திலிருந்து முதலில் குண்டு போட்டது யார்?

இத்தாலிய விமானி ஜூலியோ கவோத்தி. 1911 நவம்பர் 1, லிபியாவில். நாலு சிறிய குண்டுகளைக் கையாலேயே எறிந்தார்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: இரண்டாம் உலகப் போரில் ஆலையை, பாலத்தை விட்டுவிட்டு ஊரையே ஏன் எரித்தார்கள் ஐயா?

முக்கியமான கேள்வி அம்மா. பகலில் போனால் சுட்டு வீழ்த்திவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனிக்கு இரவில் போயின. இருட்டில் இலக்கு எங்கே தெரியும்? 1941-இல் புகைப்படங்களை வைத்துச் சரிபார்த்தார்கள். இலக்கைத் தாக்கினோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு 5 மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது. நம்ம துறைமுகத்தைக் குறிவைத்து, குண்டு பெரம்பூரில் விழுந்தாலும் இந்தக் கணக்கில் அது சரிதான்!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. குறியைத் திருத்துவதற்கு முன்பே குறியை மாற்றினார்கள். மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியை உடைப்பதே நோக்கம் என்று 1942 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. மறு வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எரிந்தது. 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவின் மரவீடுகள் மேல் தீக்குண்டு போட்டன; ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். குறி தவறியது கருவியின் குறை. தொழிலாளர் குடியிருப்பையே குறியாக்கியது மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. ஆலைச் சுவரை ஒட்டியே வீடு கட்டி வாழும் நமக்கு அது உறைக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை: குறி எப்போது சரியானது?

வியட்நாமில். வட வியட்நாமில் ‘தான் ஹோவா’ என்ற ஊரின் பாலத்தை அமெரிக்க விமானங்கள் பல நூறு முறை தாக்கியும் வீழ்த்த முடியவில்லை. 1972-இல், லேசர் ஒளி காட்டும் இடத்துக்கே போய் விழும் குண்டுகள் வீழ்த்தின.

வியாசர்பாடி: எங்க தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். குண்டுக்குப் பயந்து வந்தோம் என்பார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. மக்கள் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தார்கள். அதனாலேயே சாவு கூடியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர். உயிர் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் இந்தியாவுக்கு நடந்தார்கள். தாத்தா எந்த வழியாக வந்தார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? கேட்டு எழுதுங்கள்.