கொழுந்தனார் கைவிட்டுட்டாரு, இனிமே யார்கிட்டயும் கேக்கவே கூடாதா?

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் மாங்கூழ் பேக்டரிக்கு லோடு ஓட்டுறாரு, சீசன் முடிஞ்சா வருமானம் பாதிதான். பொண்ணுக்கு நர்சிங் சீட் கெடச்சிருக்கு. ஓசூர் கம்பெனில இருக்கற கொழுந்தனார் 60,000 தர்றேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தவரு, பீஸ் கட்டற நேரத்துல முடியாதுன்னுட்டாரு. அந்த வாரமே சபையில "மனுஷனை நம்பாதே"ன்னு பிரசங்கம். "ஆண்டவர் எனக்குன்னே பேசினாருன்னு எடுத்துக்கிட்டேன், இனிமே மனுஷங்க யார்கிட்டயும் கேக்கமாட்டேன், பேங்க் லோனும் வேணாம், ஜெபம் மட்டும் போதும், கொழுந்தனார் வீட்டோட பேச்சையும் நிறுத்திட்டேன், இது சரிதானே?" இதான் கேள்வி.

பாதி சரி சிஸ்டர், மீதி பாதி விசுவாசம் இல்ல, கோவம்.

பிரசங்கத்துல சொன்ன வசனம் எரேமியா 17:5-ஆத்தான் இருக்கும். அதை நம்ம ஆளுங்க பாதியோட நிறுத்திடுவாங்க. மனுஷன்மேல நம்பிக்கை வச்சு, மாம்சமானதை தன் புயபலமாக்கிக்கிட்டு, "கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள" மனுஷன் சபிக்கப்பட்டவன்னு அது முடியுது. மனுஷன்கிட்ட கேட்டதுக்கு சாபம் இல்ல, அந்த மனுஷன் கெடச்ச உடனே ஆண்டவர் தேவையில்லாம போயிடறாரு பாருங்க, அங்கதான் விஷயம். கொழுந்தனார் தர்றேன்னு சொன்னதுக்கு அப்புறம் இந்த பீஸுக்காக நீங்க உக்காந்து ஜெபம் பண்ணீங்களா? இதுக்கு எனக்கு பதில் சொல்ல வேணாம், நீங்களே யோசிச்சுக்கங்க.

பெர்சியா ராஜாவுக்கு பானபாத்திரக்காரனா இருந்த நெகேமியாவைப் பாருங்க. எருசலேம் அலங்கம் (மதில்) இடிஞ்சு கெடக்குதுன்னு கேள்விப்பட்டது கிஸ்லேவ் மாசம், ராஜா முன்னாடி வாயைத் தொறந்தது நிசான் மாசம், நடுவுல நாலு மாசம் போகுது, அதுல உபவாசம், அழுகை, ஜெபம். அப்புறம் ராஜா "நீ கேக்கறது என்ன"ன்னு கேக்கறாரு, அந்த எடத்துலயும் மனசுக்குள்ள ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் பேச ஆரம்பிக்கறான். ஆனா கேக்கும்போது எவ்ளோ தெளிவா கேக்கறான்! எத்தன நாள் லீவு வேணும், வழியில இருக்கற அதிபதிகளுக்கு கடுதாசி வேணும், அரமனைக் கதவுக்கும் அலங்கத்துக்கும் மரம் வேணும், ராஜா வனத்தைக் காக்கற ஆசாபுக்கு தனியா ஒரு கடுதாசி வேணும்னு ஒவ்வொண்ணா சொல்றான். கெடச்சப்போ "என் சாமர்த்தியம்"னு சொல்லல, "என் தேவனுடைய தயவுள்ள கரம் என்மேல இருந்தபடியால"ங்கறான்.

அதே பெர்சியா ராஜாங்க காலத்துலதான் வேதபாரகர் எஸ்றாவும் எருசலேமுக்கு பயணம் போனாரு. அவரு ராஜாகிட்ட காவலுக்கு ஆள் கேக்க வெக்கப்பட்டுட்டு, அகாவா ஆத்தோரம் எல்லாரையும் உபவாசம் இருக்க வச்சுட்டு கெளம்பினாரு. நெகேமியா கூட குதிரைவீரங்க வந்தாங்க. ரெண்டு பேரையும் வேதம் குத்தம் சொல்லல. அதனால கேட்டா அவிசுவாசம், கேக்கலன்னா விசுவாசம்னு ஒரு கோடு போட முடியாது.

வேதம் குத்தம் சொன்னது யாரைன்னா, யூதாவை ஆண்ட ஆசா ராஜாவை. ஒரு காலத்துல கர்த்தரை நம்பி பெரிய யுத்தத்துல ஜெயிச்சவரு, பிற்பாடு பகை வந்தப்போ ஆலயத்துப் பொக்கிஷத்துல இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பி ஆள் புடிச்சாரு. ஞானதிருஷ்டிக்காரனான அனானி வந்து கண்டிச்சதுக்கு அவனைப் புடிச்சு காவல்ல போட்டாரு. அப்புறம் கால்ல வியாதி வந்தப்போவும் கர்த்தரைத் தேடாம வைத்தியர்களை மட்டும் தேடினாரு. (இந்த வசனத்தைக் காட்டி பிரஷர் மாத்திரையை நிறுத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, அங்க தப்பு வைத்தியம் இல்ல, கர்த்தரைத் தேடாததுதான்.)

சரி, நடைமுறைல என்ன பண்றது. முதல்ல ஆண்டவர்கிட்ட முழுசா சொல்லுங்க, கணக்கோட சொல்லுங்க, இவ்ளோ ரூபா, இந்த தேதின்னு. அழுகை வந்தா அங்கயே அழுதுடுங்க. நெறய பேரு மொத அழுகையை போன்ல அக்கா தங்கச்சிகிட்ட தீத்துட்டு, மிச்சம் மீதியத்தான் ஜெபத்துக்கு கொண்டு வர்றாங்க. அப்புறம் போய் மனுஷங்ககிட்ட கேக்கலாம், ஆனா ஒருத்தர் தலைல மொத்த பாரத்தையும் வைக்காதீங்க, அவரு "முடியாது"ன்னு சொல்ல எடம் வச்சு கேளுங்க. முடியாதுன்னதும் நமக்கு ஒலகமே இடிஞ்ச மாதிரி ஆச்சுன்னா, ஆண்டவர் எடத்துல அவரை வச்சிருந்தோம்னு அப்பத்தான் தெரியும். இன்னொண்ணு, கேக்கமாட்டேன்னு சொல்லிட்டு ஜெபக்கூட்டத்துல எழுந்து "பொண்ணு பீஸுக்காக ஜெபிங்க, வர்ற திங்கள்கிழமை கடைசி தேதி"ன்னு வசதியான பிரதரைப் பாத்துக்கிட்டே சொல்றது. அதுக்கு நேரடியா கேட்டுடறது எவ்வளவோ மேல்.

கொழுந்தனார் விஷயத்துக்கு, பவுல் காவல்ல இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின 2 தீமோத்தேயு 4 படிங்க. மொத தரம் விசாரணைக்கு நின்னப்போ ஒருத்தரும் கூட இல்ல, எல்லாரும் கைவிட்டுட்டாங்கன்னு பவுல் எழுதறாரு, உடனே அந்தக் குத்தம் அவங்கமேல சுமரக்கூடாதுங்கறாரு, கர்த்தர் எனக்குத் துணையா நின்னாருங்கறாரு. அதே அதிகாரத்துலதான் துரோவாவுல கார்ப்பு வீட்டுல வச்சுட்டு வந்த மேலங்கியையும் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னாடி வந்துடுன்னு தீமோத்தேயுகிட்ட கேக்கறாரு. கைவிட்டவங்களை மன்னிச்சாரு, கேக்கறதையும் நிறுத்தல. உங்க கொழுந்தனாருக்கும் என்ன கஷ்டமோ, ஓவர்டைம் இல்லாத மாசமா கூட இருக்கலாம். பணப் பேச்சே எடுக்காம ஒரு போன் பண்ணி பசங்க எப்படி இருக்காங்கன்னு கேளுங்க, அது போதும் இப்போதைக்கு.

பேங்க் லோன் வேணாம்னு வச்சிருக்கறத மட்டும் விட்டுடுங்க. கல்விக்கடன் 4 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்க மாட்டாங்க, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போடணும், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட நேரம் உண்டு. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணலாம். காலேஜ்ல சேர்க்கைக் கடிதமும் நாலு வருஷ பீஸ் விவரமும் சீல் வச்சு வாங்கிக்கங்க, மார்க் ஷீட், ஆதார், பான், வருமானச் சான்றிதழ் கையோட கொண்டு போங்க. பொண்ணு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், அதுக்கு காலேஜ் வழியாதான் பதியணும், ஆபீஸ்ல கேளுங்க. எதுக்கும் மொத நாள் ராத்திரி குடும்பமா உக்காந்து ஜெபம் பண்ணிட்டு போங்க, மேனேஜர் இல்லன்னா இன்னொரு நாள் போங்க.