“எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள்?” என்று கேட்பவரிடம் நன்கொடை கேட்பது எப்படி?

வாசகி ஒருவரின் கேள்வி: மதுரையில் ஒன்பது ஆண்டுகளாக இயங்கிவரும் அறக்கட்டளை ஒன்றில் பணிபுரிகிறேன். காசநோயாளிகளுக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கவும், ஊட்டச்சத்து உதவித்தொகை உரிய காலத்தில் வந்துசேரவும் அரசிடம் வலியுறுத்துவதே எங்கள் வேலை. நாங்கள் மருத்துவமனை நடத்தவில்லை. எங்களுக்கு நிதியளித்துவந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் உதவி வரும் மார்ச்சுடன் முடிகிறது. தனிநபர் நன்கொடைக்கு என்னைப் பொறுப்பாளராக நியமித்திருக்கும் அறங்காவலர் குழு, முதல் ஆண்டிலேயே 40 லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும் என்கிறது. சென்ற ஆண்டு 240 பேரிடமிருந்து 9 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வந்தது. அதில் 5 லட்சத்து 40 ஆயிரத்தை 11 பேரே கொடுத்தார்கள். புதியவர்களைக் கேட்டால், “எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள்?” என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். தன் பணம் என்ன ஆயிற்று என்று அறிய விரும்புகிறவர்தான் அப்படிக் கேட்கிறார். அவரிடம் மழுப்பாமல், “நாங்கள் யாருக்கும் சிகிச்சை அளிக்கவில்லை, சிகிச்சை எல்லோருக்கும் போய்ச்சேருவதற்கான வேலையைச் செய்கிறோம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வாக்கியத்தில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். நான் பெரும்பாலும் சொல்வது இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் கதை. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இந்த மருந்துக்கு ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை எதிர்த்தவர்களில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்தது, காப்புரிமை கிடைக்கவில்லை. அந்த வழக்கில் செலவான ஒரு ரூபாய்கூட ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அதன் பயன் நாடு முழுவதும் அந்த மருந்தை நம்பியிருந்த ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. இதைக் கேட்டபின், “அப்படியானால் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று எதிரில் இருப்பவர் கேட்பார். அவர் கேட்க வேண்டும் என்று நீங்கள் காத்திருந்த கேள்வி அதுதான்.

அதற்கு விடை சொல்ல, உங்கள் வேலையைத் தேதி வாரியாக எழுதி வைத்திருக்க வேண்டும். எந்தச் சுகாதார நிலையத்தில் எந்த மாதம் எந்த மாத்திரை தீர்ந்துபோனது, அதைப் பற்றி யாரிடம் மனு கொடுத்தீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் என்ன கேட்டீர்கள், முப்பது நாளில் என்ன பதில் வந்தது, அதன்பின் எத்தனை நாளில் மருந்து வந்தது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதினால், அது வண்ணப்படங்கள் நிறைந்த ஆண்டறிக்கையைவிட நன்கொடையாளரின் மனத்தில் ஆழமாக நிற்கும். எச்சரிக்கை ஒன்று உண்டு. காசநோயாளிகளுக்கான நிக்ஷய் போஷண் உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. “இதை நாங்கள் சாதித்தோம்” என்று எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். நாடெங்கும் பலர் பல ஆண்டுகள் கேட்டதன் விளைவு அது. “கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம், நாங்கள் கொடுத்த மனுவின் நகல் இதோ” என்பதே உண்மை, அதுவே போதும். மிகைப்படுத்திய ஒரு வரியை விவரம் தெரிந்த ஒரு நன்கொடையாளர் கண்டுபிடித்துவிட்டால், அவரை மட்டுமல்ல, அவர் யாரிடமெல்லாம் பேசுகிறாரோ அவர்களையும் நீங்கள் இழப்பீர்கள்.

இனி 40 லட்சத்துக்கு வருகிறேன். நின்றுபோகும் நிறுவன நிதி எவ்வளவோ அதையே இலக்காக வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். பற்றாக்குறை எவ்வளவு என்பதை அது காட்டுமே தவிர, மக்கள் எவ்வளவு தருவார்கள் என்பதைக் காட்டாது. உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம். 5 லட்சத்து 40 ஆயிரம் தந்த 11 பேரையும் நேரில் பார்த்தால் அதை 7 லட்சமாக உயர்த்த முயலலாம். மற்ற 229 பேர் தந்தது 3 லட்சத்து 80 ஆயிரம். அவர்களில் சிலர் விலகுவார்கள், சிலர் மாதாந்திர நன்கொடைக்கு மாறுவார்கள் என்பதால் 3 லட்சம் என்று வையுங்கள். ஜூன் முடிவதற்குள் 60 பேரை மாதம் 500 ரூபாய்க்குச் சேர்க்க முடிந்தால் எஞ்சிய ஒன்பது மாதங்களில் 2 லட்சத்து 70 ஆயிரம் வரும். புதியவர்களிடமிருந்து 2 லட்சம். மொத்தம் 14 லட்சத்து 70 ஆயிரம். கடுமையாக உழைத்தால்தான் இதுவும் நடக்கும். இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி அறங்காவலர் குழுவின் முன் இப்போதே வையுங்கள். ஆண்டு முடிவில் 40 லட்சம் வரவில்லை என்று சொல்வதைவிட, ஆண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம்தான் இயலும் என்று சொல்வது உங்களுக்கும் நல்லது, சம்பளத்தை நம்பியிருக்கும் களப்பணியாளர்களுக்கும் நல்லது. கூடவே, ஒவ்வோர் அறங்காவலரும் தம் வசதிக்கேற்ப ஒரு தொகையைத் தாமே தர வேண்டும் என்றும், தமக்குத் தெரிந்த மூன்று பேரிடம் உங்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். திரட்டும் தொகையில் விழுக்காடு தருகிறோம் என்று சொல்லி முகவர்களை அமர்த்தும் யோசனை வந்தால் ஏற்காதீர்கள். தன் பணத்தில் பங்கு பிரிக்கப்படுகிறது என்று அறிந்த எவரும் மறுமுறை தரமாட்டார்.

உங்கள் முதல் ஆறு மாத உழைப்பு புதியவர்களைத் தேடுவதில் போகக்கூடாது. ஒருமுறை தந்தவர் இரண்டாம் முறையும் தருவதே இந்தத் தொழிலின் அடித்தளம். முதல் நன்கொடையை ஒரு நண்பர் வற்புறுத்தியதால்கூட ஒருவர் தந்திருப்பார், இரண்டாவதை மட்டுமே உங்களை நம்பித் தருகிறார். பணம் வந்த இரண்டு நாளுக்குள் ஒரு மனிதக் குரல் அவரை அழைத்து நன்றி சொல்ல வேண்டும். அந்த அழைப்பில் எதையும் கேட்கக்கூடாது, “எங்களுக்கு உதவ வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?” என்ற ஒரு கேள்வியைத் தவிர. வரும் விடையை நன்கொடையாளர் பதிவேட்டில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் ஊரில் மக்கள் நாள் பார்த்துக் கொடுக்கிறார்கள். அப்பாவின் திதி, பேத்தியின் முதல் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், ஓய்வூதிய நிலுவை கைக்கு வந்த மாதம் என்று கொடைக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கும். நான் முன்பு பணியாற்றிய அமைப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் 1,000 ரூபாய் அனுப்புவார். நான்காவது ஆண்டில்தான் அது அவருடைய அண்ணன் இறந்த மாதம் என்றும், அண்ணன் காசநோயால் இறந்தார் என்றும் எங்களுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு ஆடி பிறந்ததும், அண்ணனின் பெயரைக் குறிப்பிட்டுக் கையால் எழுதிய கடிதம் ஒன்றை அனுப்பினோம். அந்த ஆண்டு அவர் 10,000 ரூபாய் அனுப்பினார். தொகையைவிட, “அவன் பெயரை வெளியார் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்” என்று அவர் தொலைபேசியில் சொன்னதே எனக்கு நினைவில் நிற்கிறது.

அதே அமைப்பில் நேர்ந்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் உறையின் மேல் ‘காசநோய்’ என்ற சொல் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ஒரு நன்கொடையாளர் அழைத்து, வீட்டில் பெண் பார்க்க வரும் நேரத்தில் இப்படி ஓர் உறை வந்து கிடந்தது, இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்றார். அன்றே உறையை மாற்றினோம், ஆனால் அவர் திரும்பவில்லை. இந்த நோயை மறைக்க வேண்டியதில்லை என்று சொல்வதற்காகவே நாம் அமைப்பு நடத்துகிறோம். என்றாலும் அதைச் சொல்லும் சுமையை நன்கொடையாளரின் தலையில் அவரைக் கேட்காமல் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. நோயாளிகளின் கதைகளுக்கும் படங்களுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எந்தக் கடிதத்தில், எந்த இணையப் பக்கத்தில் வெளிவரும் என்பதைச் சொல்லி எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். அவர் பின்னர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். காசநோயுடன் எச்.ஐ.வி. தொற்றும் உள்ளவரின் நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது என்பதைக் களப்பணியாளர் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

மாதாந்திர நன்கொடைக்கு யூபிஐ ஆட்டோபே எளிய வழி. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான தொகை ஒவ்வொரு முறையும் யூபிஐ பின் எண் கேட்காமல் பிடிக்கப்படும், ஆனால் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக ஓர் அறிவிப்பு நன்கொடையாளருக்குப் போகும். மாதந்தோறும் அவர் “தொடரலாமா?” என்று நினைக்கும் நொடி அதுதான். அந்த அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னதாக, சென்ற மாதம் நடந்த ஒரே ஒரு வேலையைப் பற்றி நான்கு வரிச் செய்தி உங்களிடமிருந்து போயிருக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகையை முன்வைத்துப் பணம் கேட்காதீர்கள்; புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அது கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. சலுகை கோருபவரின் பெயரும் பான் எண்ணும், நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நீங்கள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்யும் 10பிடி என்ற நன்கொடையாளர் விவரப் பட்டியலில் இருந்தாக வேண்டும். விட்டுப்போனால் அவருடைய சலுகை போய்விடும், தாமதமானால் உங்களுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதின் வாசகத்தையும் தாக்கல் செய்ய வேண்டிய படிவத்தையும் ஆடிட்டரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள்.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும், தம் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், மதுரைக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. ஆகவே நன்கொடைப் படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

நன்கொடை மறுப்புக் கொள்கை ஒன்றையும் இப்போதே எழுதி அறங்காவலர் குழுவின் ஒப்புதல் பெறுங்கள். மருந்து கொள்முதலைப் பற்றிக் கேள்வி எழுப்பும் உங்களிடம், அந்தக் கொள்முதலில் ஒப்பந்தம் வைத்திருக்கும் மொத்த வியாபாரி ஒருவர் 5 லட்சத்துடன் வரலாம். நல்லெண்ணத்துடனேகூட வரலாம். அந்தப் பணத்தை வாங்கிய பிறகு நீங்கள் எழுதும் மனுவை யார் நம்புவார்கள்? பணம் மேசைக்கு வந்தபின் கூடி முடிவெடுப்பது எவருக்கும் கடினம்; புகையிலை வணிகத்தில் உள்ளவர்கள், உங்கள் கோரிக்கையால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர்கள் ஆகியோரிடம் வாங்குவதில்லை என்று எழுத்தில் இருந்தால், மறுப்பதும் மரியாதையாக முடியும்.

மக்களிடம் கேட்டு வாங்குவதும் அரசிடம் கோரிக்கை வைப்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல என்பதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டே, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதியும் திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது.

பதினோரு பேரில் யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வி உங்களுக்கு வரும். அதிகம் தந்தவரை அல்ல, சென்ற ஆண்டு உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கணக்குக் கேட்டவரை முதலில் பாருங்கள். மார்ச் மாதம் வேண்டாம், அவர்கள் வரிக் கணக்கில் இருப்பார்கள்; ஏப்ரல் இரண்டாம் வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தீர்ந்துபோன மாதத்தைப் பற்றிய அந்த ஒற்றைப் பக்கத்தையும் மனுவின் நகலையும் கொண்டுசெல்லுங்கள், களப்பணியாளர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அரை மணி நேரம் அவர் பேசட்டும். பிறகு, “இந்த ஆண்டு 75,000 ரூபாய் தர முடியுமா?” என்று தொகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.