ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லையா?

பழைய கேமராவை ஈபேயில் ஏலம் விட்டீர்கள், எடுத்தவர் ஆறு நாளாகப் பணமும் கட்டவில்லை பதிலும் இல்லை, அவருக்கு மோசமான மதிப்பீடு போடவும் முடியவில்லை என்கிறீர்கள். முடியாதுங்க. விற்பவருக்கு அந்த வழியை 2008-லேயே அடைத்துவிட்டார்கள். வாங்குபவர் மட்டும் நம்மை எப்படியும் திட்டலாம், என்ன நியாயமோ! சரி, நான்கு நாள் தாண்டிவிட்டதால் ஆர்டரை நீங்களே ரத்து செய்யலாம், ஆனால் காரணம் கேட்கும் இடத்தில் வாங்கியவர் பணம் கட்டவில்லை என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரத்தில் பொருள் கையிருப்பில் இல்லை என்று அழுத்தினால் பழி உங்கள் கணக்கில் விழும். சரியாகச் செய்தால் ஈபேயின் கமிஷன் திரும்ப வரும். அப்புறம் அந்த ஆளை பிளாக் பண்ணிவிட்டு, அவருக்கு அடுத்தபடியாக அதிக விலை கேட்டவருக்கு செகண்ட் சான்ஸ் ஆஃபர், அதாவது அவர் கேட்ட விலைக்கே பொருளைத் தருகிறேன் என்ற அழைப்பு, அனுப்பிப் பாருங்கள். என் லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது, கொஞ்சம் குறைந்த விலைக்கு.