வீட்டிலேயே குடலைச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. வயிறு அடிக்கடி உப்புசமாக இருக்கிறது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கலந்து குடித்தால் குடலில் தேங்கிய கழிவெல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்கள். செய்து பார்க்கலாமா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

மருத்துவர் பதில்: குடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கிப் பலமுறை நீராகப் பேதியாகும், சிலருக்கு அதற்கு முன்பே வாந்தி வந்துவிடும். அன்று வயிறு இலேசானதுபோல் தோன்றுவதும் எடை சற்றுக் குறைவதும் உண்மைதான் என்றாலும், குறைந்தது நீரும் மலமுமேயன்றிக் கொழுப்பு அல்ல என்பதால், வழக்கம்போல் உண்ணத் தொடங்கியதும் அந்த எடை திரும்பிவிடும்.

பெருங்குடலின் சுவரில் ஆண்டுக்கணக்கில் கழிவு ஒட்டிக்கிடக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உட்சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்பவை. குடலைக் காலி செய்ய அவகாசமின்றி அவசர அறுவை சிகிச்சை செய்யும்போதும் அப்படியொரு படலத்தை யாரும் காண்பதில்லை. சுத்திகரிப்புப் பொடி சாப்பிட்டவர்கள் கயிறு கயிறாக வெளியேறியது என்று காட்டுவது, பெரும்பாலும் அப்பொடியிலிருந்த நார்ச்சத்தும் களிமண்ணும் நீரில் ஊறித் திரண்டதே. காசு கொடுத்து வாங்கியதைத்தான் திரும்பப் பார்க்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது உப்பு. இரண்டு தேக்கரண்டி ஏறத்தாழ 12 கிராம் வரும். ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் குடிக்கும் உப்பில் உடலில் சேரும் பங்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். பேதியோ நீரையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். நீங்கள் சாப்பிடுவது சிறுநீரை அதிகரிக்கும் வகை மாத்திரையாக இருந்தால் அந்த இழப்பு கூடி, தலைசுற்றல், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகக்கூடும். ஆகவே நீங்கள் இதைச் செய்யக் கூடாது. எனிமாவையும் நீங்களாகச் செய்துகொள்ள வேண்டாம். காபி எனிமாவால் மலக்குடல் வெந்துபோனவர்கள் உண்டு.

நாளொன்றுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிவது இயல்பின் எல்லைக்குள்தான். மலம் இறுகி, முக்க வேண்டியிருந்தால், நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் உப்புசம் அதிகமாகும். வெராபமில் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளே மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், உங்கள் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலம் கழியும் வழக்கத்தில் இந்த மாற்றம் அண்மையில்தான் தொடங்கியது என்றாலோ, மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, ரத்தசோகை இவற்றில் ஏதேனும் இருந்தாலோ, கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்பதையும் அவரே முடிவு செய்வார்.